கரிசல் இலக்கியத்தில் கொலையும் மறைவும்

தோற்றுவாய்

கொலை நிகழ்ந்தபின் உண்மை தேடப்பெறும் கதை தமிழுக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் அத்தகையதே. ஆராயாது கொலைத்தண்டம் விதித்த அரசன்முன் கண்ணகி தனித்து நின்றாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம், அரசியின் சிலம்பின் பரல் முத்து என்னும் வேறுபாட்டையே சான்றாகக் காட்டி வழக்கினை வென்றாள். ஆயினும், சிலம்பைக் களவாடியவன் பொற்கொல்லன் என்பது நூலைக் கற்போர்க்கு முன்னரே தெரியும். ஆகவே, அங்கு எழும் வினா 'செய்தவன் யார்?' என்பதன்று, 'செய்த பிழைக்குப் பொறுப்பேற்பவர் யார்?' என்பதேயாம்.

மேனாட்டுத் துப்பறியும் கதை இதனின் வேறுபட்டது. 1841ஆம் ஆண்டு எட்கர் ஆலன் போ எழுதிய பாரிசு நகரக் கொலைக் கதையை அவ்வகையின் தொடக்கமாகக் கூறுவர். முதலில் பிணம், அடுத்துத் தடயம், இறுதியில் குற்றவாளி என்பது அதன் ஒழுங்கு. குற்றவாளி அகப்பட்டதும் கதை முடிந்துவிடும். இவ்வொழுங்கு தமிழிற்கு வந்து சேர அரை நூற்றாண்டு ஆயிற்று. 1894ஆம் ஆண்டு நடேச சாஸ்திரியார் 'தானவன்' என்னும் போலீஸ் நிபுணனைப் படைத்தார். பின்னர் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் இத்துறையில் நூல் பல எழுதிக் குவித்தனர்.

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலத்தில் எழுந்த புதினங்களிலும் கொலைகள் உண்டு, தலைமறைவாதல் உண்டு, விசாரணையும் உண்டு. ஆயின் அவற்றுள் தானவன் போன்ற ஒருவன் இல்லை. கொன்றவன் யார் என்பது பெரும்பாலும் முதற்பக்கங்களிலேயே வெளிப்பட்டுவிடுகிறது. இங்ஙனம் புதிரை முதலிலேயே அவிழ்த்துவிடும் எழுத்து எதனைத் தேடுகின்றது? இவ்வினாவை இரண்டு புதினங்களைக் கொண்டும், அந்நிலத்தில் உண்மையாக நிகழ்ந்த ஒரு கொலையையும் மறைவையும் கொண்டும் ஈண்டு ஆராய்வோம்.

துப்பும் தடமும்

நிலத்தை அறியாது அதன் இலக்கியத்தை அறிதல் அரிது. கரிசல் என்பது மழையை நம்பிய கருமண் காடு. பருத்தியும் கம்பும் சோளமும் அதன் விளைவுகள். மழைக்காலத்தில் இம்மண் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். நடந்தவன் தடத்தைப் பதித்துக்கொண்டு, காய்ந்தபின் அதனை அச்சுப்போல் காத்து வைக்கும். கோடையிலோ பாளம் பாளமாக வெடித்து, பதிந்த தடங்களைச் சிதைத்துவிடும். நினைவில் வைத்தலும் மறைத்தலும் ஆகிய இரண்டும் இம்மண்ணின் இயல்புகள்.

இந்நிலத்தில் போலீஸ் நிலையங்கள் தோன்றுவதற்கு முன்னரே துப்பறியும் முறையொன்று இருந்தது. பாளையக்காரர் காலத்துக் காவல் முறையே அது. காவல் கொண்டவர் ஊரின் மாட்டையும் விளைவையும் காத்தற்குக் கூலி பெற்றனர். களவு போயின், பொருளை மீட்டுத் தருதல் வேண்டும். இயலாதாயின் அதற்கு ஈடு கொடுத்தல் வேண்டும். களவுபோன மாடு இருக்குமிடத்தைச் சொல்லி மீட்டுத் தருவதற்குக் கொடுக்கப்பெற்ற தொகை 'துப்புக்கூலி' எனப்பட்டது. பழைய இலக்கியத்தில் வலிமை, உணவு, பவளம் முதலிய பொருள்களைத் தந்த 'துப்பு' என்னும் சொல், இங்கு உளவு என்னும் பொருளில் வழங்குகின்றது. இன்று 'துப்பறிதல்' என நாம் எழுதும் தொடரில் உள்ளதும் இப்பொருளே.

இம்முறையில் ஒரு செய்தி கருதத்தக்கது. கள்வன் யார் என அறிவதனினும் இழந்தவனுக்கு ஈடு செய்வதே இங்கு முதன்மை பெற்றது. இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. களவு செய்தவனே துப்புக்கூலி பெறுபவனாகவும் இருத்தல் கூடும். மாட்டிற்கு ஈடு கொடுக்கலாம்; மாண்டவர்க்கு எதனை ஈடாகக் கொடுப்பது? கரிசற் புதினங்கள் எழுப்பும் வினா இவ்விடத்திலேயே தொடங்குகிறது என்பது எம் கருத்து.

கோபல்ல கிராமம்: நீரில் கிடைத்த சான்று

கோவில்பட்டிக்குத் தெற்கிலுள்ள இடைசெவலிற் பிறந்து, 2021ஆம் ஆண்டு புதுச்சேரியில் மறைந்த கி. ராஜநாராயணன் எழுதிய 'கோபல்ல கிராமம்' 1976ஆம் ஆண்டு வெளிவந்தது. இப்புதினம் ஒரு கொலையை முன்னிறுத்துகிறது. வழியில் தனித்து வந்த இளம்பெண்ணொருத்தி தாகம் தணிக்க நீர்நிலையில் இறங்குகின்றாள். அவள் அணிந்திருந்த நகைக்காக ஒரு கள்வன் அவளை நீரில் அமிழ்த்திக் கொல்கிறான். உயிர் பிரியும் தறுவாயில் அவள் அவன் கால் விரலைக் கடித்துப் பற்றிக்கொள்கிறாள். பிடிபட்ட கள்வனை ஊரார் கூடி விசாரித்துக் கழுவேற்றுகின்றனர்.

துப்பறியும் கதையின் ஒழுங்கு இங்கு முற்றும் கவிழ்ந்திருத்தலைக் காண்க. தடயத்தைத் தேட வேண்டுவதில்லை. கொலையுண்டவளின் வாயே தடயம். குற்றவாளியைத் தேட வேண்டுவதில்லை. இறந்தவளே அவனைப் பிடித்து ஊர்க்கு ஒப்படைத்துவிட்டாள். சாட்சியும் சான்றும் காவலும் அவளே. அறிவுக்கூர்மையால் அவிழ்க்க வேண்டிய முடிச்சு எதுவும் இல்லாமையால், கற்போர் கருத்து ஊரின்மேற் செல்கின்றது. மன்னரும் கும்பினியும் எட்டாத ஒரு கருமண் சிற்றூர் தன் முன்னுள்ள கொலைக்கு எவ்வாறு நீதி செய்கின்றது என்பதே ஆசிரியர் காட்ட விரும்புவது.

இப்புதினத்துள் இரண்டாவதொரு மறைவும் உண்டு. ஊரின் முதியவளான மங்கத்தாயாரு அம்மாள் தன் குலத்தின் பழங்கதையைக் கூறுகின்றாள். தெலுங்கு நாட்டில் சென்னாதேவி என்னும் அழகிய பெண்ணை அந்நாட்டை ஆண்டவன் விரும்ப, அவளைக் காக்கும்பொருட்டுக் குடும்பத்தார் தம் ஊரைவிட்டு மறைந்து தெற்கு நோக்கி ஓடிவருகின்றனர். அவர்தம் அலைவின் முடிவே கோபல்ல கிராமத்தின் தோற்றம். அவர்களைத் தேடிவந்த வீரர்களின் பக்கம் நின்று நோக்கின், இது விளங்காத மறைவு. நேற்றுவரை வாழ்ந்த குடும்பம் இன்று இல்லை. ஓடியவர் பக்கம் நின்று நோக்கினோ, இதுவே ஓர் ஊரின் பிறப்பு. மறைவு என்பது தேடுவோர்க்கு முடிவு, மறைந்தோர்க்குத் தொடக்கம் என்னும் உண்மையை இதனினும் தெளிவாகக் காட்டும் தமிழ்ப் புதினம் அரிது.

இனி ஒரு குறையையும் கூறுதல் திறனாய்வின் கடன். கழுவேற்றக் காட்சி நம் நெஞ்சில் நிற்கும் அளவிற்குக் கொலையுண்டவளின் வாழ்க்கை நிற்பதில்லை. அவள் சாவு, ஊரின் வரலாற்றிற்குள் நம்மை இட்டுச் செல்லும் வாயிலாகப் பயன்படுகின்றது. வாயிலைக் கடந்தபின் அதனைத் திரும்பிப் பார்ப்பார் சிலரே. சென்னாதேவியின் கதையை ஊர் தலைமுறை தோறும் சொல்லிக்கொள்கிறது. நீரில் அமிழ்ந்தவளின் கதையைச் சொல்ல அவள் குலத்தார் எவரும் அங்கில்லை. ஒரு பெண் காக்கப்பெற்றதால் எழுந்த ஊரின் எல்லையில் மற்றொரு பெண் காக்கப்பெறாது மாண்டாள் என்னும் இம்முரணை ஆசிரியர் அறிந்தே அமைத்தாரோ எனின், அமைத்தார் என்றே கொள்ளலாம். ஆயினும் அம்முரணின் நோவை அவர் நீட்டிக்க விரும்பவில்லை. ஊரின் பெருமிதம் அதனை மூடிவிடுகிறது.

வெக்கை: தலைமறைவின் உட்பக்கம்

கோவில்பட்டியை அடுத்த ஆண்டிபட்டியினராகிய பூமணியின் 'வெக்கை' 1982ஆம் ஆண்டு வெளிவந்தது. 2019ஆம் ஆண்டு 'அசுரன்' என்னும் திரைப்படம் இதனைத் தழுவி எடுக்கப்பெற்றதால் கதையைப் பலரும் அறிவர். சிதம்பரம் என்னும் சிறுவன், தன் அண்ணனைக் கொல்வித்த நிலக்கிழவனாகிய வடக்கூரானை வெட்டிவிட்டு ஓடுகின்றான். கையை மட்டும் வெட்டவே அவன் எண்ணியிருந்தான். வெட்டு உயிரைக் கொண்டுபோயிற்று. இச்செய்தி புதினத்தின் தொடக்கத்திலேயே கூறப்பெற்றுவிடுகிறது.

பின்னர் எஞ்சுவது யாது? சிதம்பரமும் அவன் அய்யாவும் காட்டிலும் மலையிலும் கரந்து வாழும் சில நாட்களே புதினம் முழுதும். போலீஸ் ஏட்டில் இந்நாட்கள் அனைத்தும் 'தலைமறைவு' என்னும் ஒரு சொல்லில் அடங்கிவிடும். அவ்வொரு சொல்லை விரித்துக் காட்டுவதே பூமணியின் கலை. எங்கே நீர் கிடைக்கும், எதை உண்பது, எப்போது அடுப்பு மூட்டினால் புகை தெரியாது, எவ்வோசை மனிதனுடையது, எவ்வோசை விலங்கினுடையது, பிரிந்துபோன ஆத்தாவும் தங்கையும் எங்கே படுத்திருப்பர் என்பன போன்ற சிறு கவலைகளே ஓடுபவன் உலகம். காடு அவர்க்குப் பகையன்று, உறவு. துரத்துவோர் அரிதாகவே கண்முன் தோன்றுகின்றனர். அவரைப் பற்றிய அச்சமோ எங்கும் நிறைந்துள்ளது.

தந்தையும் மகனும் பேசிக்கொள்ளும் பகுதிகளே இப்புதினத்தின் உண்மையான விசாரணை என்பது எம் துணிபு. ஊரில் இருந்தபோது பேசாதவற்றையெல்லாம் அவர்கள் இங்குப் பேசுகின்றனர். மகன் செய்ததைத் தந்தை புகழ்வதில்லை, இகழ்வதும் இல்லை. அது எங்கிருந்து தொடங்கியது என நினைத்துப் பார்க்கின்றார். நிலத்தின்மேல் வந்த ஆசை, அதனை விடமாட்டோம் என நின்ற பிடிவாதம், அண்ணன் சாவு, அச்சாவிற்குச் சட்டம் ஒன்றும் செய்யாமை என ஒன்றன்பின் ஒன்றாகக் காரணங்கள் பின்னோக்கி விரிகின்றன. துப்பறிவோன் செயலிலிருந்து செய்தவனை அடைகின்றான். இவர்களோ செய்தவனிலிருந்து தொடங்கிச் செயலின் வேரை அடைகின்றனர்.

இத்தகைய எழுத்து கொலையை நியாயப்படுத்தாதோ என்று ஐயுறுவார் இருக்கலாம். ஐயம் தக்கதே. ஆயின் புதினத்தின் முடிவை நோக்குக. இருவரும் வேற்றூர் சென்று வேறு பெயரில் வாழ எண்ணவில்லை. நீதிமன்றத்தில் சரணடையவே முடிவு செய்கின்றனர். அண்ணன் கொலையை ஆராயாத சட்டம் தம்பியின் கொலையை ஆராயும் என்பதனை அவர்கள் அறிவர். அறிந்தும் செல்கின்றனர். இம்முடிவில் சட்டத்தின்மேல் உள்ள நம்பிக்கையினும், 'எங்கள் பக்கமும் ஓர் ஏட்டில் பதியட்டும்' என்னும் வேட்கையே மிகுதி. கோபல்ல கிராமத்தில் இறந்தவள் பக்கம் பேசுவார் இல்லை. வெக்கையில் இறந்த அண்ணனுக்காக ஒரு குடும்பமே பேசுகின்றது. இவ்வகையில் வெக்கை முன்னதனினும் ஒரு படி கடந்து செல்கின்றது எனலாம்.

மணியாச்சி: ஏட்டில் எஞ்சிய இடைவெளி

புதினங்களில் கண்டதனை அந்நிலத்தின் வரலாற்றோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். கோவில்பட்டியிலிருந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதையில், தூத்துக்குடிக்குக் கிளை பிரியுமிடம் மணியாச்சி. 1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள், திருநெல்வேலி மாவட்டக் கலெக்டர் ஆஷ், தம் மனைவியோடு கொடைக்கானல் செல்லும் வழியில், இந்நிலையத்தில் நின்ற வண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். அவர் நடைமேடையிலிருந்த கழிப்பறைக்குள் ஓடித் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார்.

கொன்றவர் யார் என்பது அந்த நாழிகையிலேயே தெரிந்துவிட்டது. அவர் சட்டைப்பையில் இருந்த கடிதம் காரணத்தையும் கூறிற்று. துப்பறியும் கதையாயின் இத்துடன் முடிந்திருக்கும். அரசினரோ தேடுதலைத் தொடங்கியதே அதன் பின்னர்தான். வாஞ்சிநாதனோடு நிலையத்திற்கு மற்றொருவரும் வந்திருந்தார் என்றும், கூட்டத்தில் அவர் மறைந்துவிட்டார் என்றும் கூறப்பட்டது. தேடப்பட்டவருள் ஒருவர் ஒட்டப்பிடாரம் மாடசாமி. 1908ஆம் ஆண்டு சிறை புகுந்த வ. உ. சிதம்பரனார் பிறந்த ஊரும் அதுவே. நிலையத்திற்கு வந்த இரண்டாமவர் மாடசாமியே என்பாரும் உளர்.

வழக்கில் பதினால்வர் குற்றம் சாட்டப்பெற்றனர். தேடுதல் வேட்டையின்போது தருமராஜ ஐயர், வெங்கடேசுவர ஐயர் ஆகிய இருவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். 1912ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழாண்டுச் சிறை. மாடசாமி மட்டும் அகப்படவேயில்லை. வழக்கு முடிந்தது, மறைவு முடியவில்லை.

இம்மூன்றனையும் ஒருங்கு வைத்து நோக்குக. சென்னாதேவியின் குடும்பம் மறைந்தது; அதன் உட்பக்கத்தை ஒரு முதியவள் கூறக் கேட்டோம். சிதம்பரம் மறைந்தான், அவனோடு காட்டில் நாமும் உடன் நடந்தோம். மாடசாமி மறைந்தார், வழக்கின் ஏடுகள் நமக்குத் தருவதோ தேடியவர் பக்கம் மட்டுமே. எந்தக் காட்டில் நீர் குடித்தார், எவர் வீட்டில் உண்டார், வீட்டாரை நினைத்து எத்தனை இரவு விழித்திருந்தார் என்பன அவ்வேடுகளுக்கு வேண்டாதவை. கரிசற் புதினம் எதனைத் தேடுகின்றது என்னும் வினாவிற்கு விடை இங்கே கிடைக்கின்றது. வழக்கு முடிந்த பின்னும் ஏட்டில் எஞ்சி நிற்கும் இடைவெளியையே அது தேடுகின்றது. கொன்றவனைக் கண்டுபிடித்தல் அரசின் தொழில். கணக்கில் வராமற் போனவரைக் கணக்கில் சேர்த்தல் இலக்கியத்தின் தொழில்.

திருத்தப்பெற்ற சாட்சி

ஆயின் இடைவெளியை நிரப்புதலிலும் இடர் உண்டு. இதற்கு நெல்லை நாட்டுக் கதைப்பாடல் ஒன்றே சான்று. முத்துப்பட்டன் கதை, கரிசலுக்கு மேற்கே பொதியமலைச் சாரலில் நிகழ்வது. நெல்லைச் சீமையின் கோயிற் கொடைகளில் வில்லுப்பாட்டாகப் பாடப்பெறுவது. அந்தணனாகிய முத்துப்பட்டன், சக்கிலியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்கா என்னும் இருவரை மணந்து, அவர்தம் தந்தையின் தொழிலையே மேற்கொள்கிறான். மாடு கவர்ந்த கள்வரோடு பொருது, மறைந்திருந்த ஒருவனால் குத்துண்டு மாள்கிறான். மாண்டவன் தெய்வமாகி வழிபாடு பெறுகிறான். கொடை தோறும் அக்கொலை மீண்டும் பாடப்படுதலின், அவ்வழக்கு ஆண்டுதோறும் மீண்டும் எடுக்கப்பெறுகிறது எனலாம்.

1969ஆம் ஆண்டு 'ஆராய்ச்சி' என்னும் இதழைத் தொடங்கிய நா. வானமாமலை, இக்கதையின் வடிவங்களை ஆராய்ந்து ஒரு திருத்தத்தை வெளிப்படுத்தினார். அப்பெண்கள் பிறப்பால் அந்தணரே. காட்டில் கிடந்த அவர்களைச் சக்கிலியர் எடுத்து வளர்த்தனர் என ஒரு செய்தி பிற்காலத்தில் புகுத்தப்பட்டது என்பது அவர் முடிவு. சாதி கடந்த மணத்தைப் பொறாதவர்க்காகப் பாட்டின் சாட்சியமே மாற்றப்பட்டது. மாண்டவன் பெயர் மாறவில்லை; அவன் எதற்காக எல்லாவற்றையும் துறந்தான் என்பது மாறிவிட்டது. ஒருவனை உடலால் ஒழிப்பது ஒரு கொலை. அவன் வாழ்ந்த காரணத்தை ஒழிப்பது மற்றொரு கொலை. முன்னதன் கொலைஞனைப் பாட்டே காட்டிவிட்டது. பின்னதனைக் காட்டத் திறனாய்வாளர் ஒருவர் வேண்டியிருந்தது.

மாடசாமியைப் போல் மறைந்தவர்க்கும் இவ்விடர் உண்டு. கடல் கடந்தார் என்றோ துறவு பூண்டார் என்றோ அழகியதொரு முடிவை எழுதிவிடுதல் எளிது. புதினமாயின் அது புனைவு என அறிந்தே கற்போம். வரலாறு என்னும் பெயரில் எழுதின், மறைந்தவரை மீண்டுமொருமுறை மறைத்தவராவோம். வெற்றிடத்தை வெற்றிடமாகக் காட்டுதலும் நேர்மையே. பூமணியும் அந்நேர்மை உடையவர். சிதம்பரம் நீதிமன்றம் சென்ற பின்னர் என்ன ஆனான் என்பதை அவர் எழுதவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. ஒன்று: கரிசற் புதினங்களில் கொலை ஒரு புதிரன்று, கொன்றவனை முதலிலேயே காட்டிவிட்டு, நிகழ்ந்ததற்கு ஈடு என்ன என்று அவை கேட்கின்றன. பழைய காவல் முறை மாட்டிற்குக் கேட்ட வினாவை இவை மனிதர்க்குக் கேட்கின்றன. இரண்டு: மறைவை இவை மறைந்தவர் பக்கம் நின்று காண்கின்றன. மூன்று: காணாத இடத்தைக் கண்டதுபோல் எழுதாத அடக்கமே இவ்வெழுத்தின் உயர்வு, அடக்கம் தவறிய இடத்தில் சாட்சி திருத்தப்பெறுகிறது.

மாணவர் இத்துறையில் ஆராயப் புகுங்கால் ஒன்றை நினைவிற் கொள்வாராக. வில்லுப்பாட்டின் ஒவ்வொரு வடிவமும் ஒரு வாக்குமூலம். ஊர்ப்புறத்து ஒவ்வொரு பீடமும் முடியாத ஒரு வழக்கின் ஏடு. அவற்றை ஒப்புநோக்கி, எச்சொல் பழையது, எச்சொல் புகுத்தப்பட்டது எனப் பிரித்தறிதல் வெறும் பாட ஆராய்ச்சியன்று. கொலையுண்டவர்க்கும் காணாமற் போனவர்க்கும் நாம் செலுத்தும் துப்புக்கூலி அது. கோபல்ல கிராமத்து நீர்நிலையில் அமிழ்ந்தவள் தன் பற்களால் கொடியவனைப் பிடித்துத் தந்தாள். தன் கதையைச் சொல்ல அவளுக்கு நேரம் இருக்கவில்லை. அக்கதையைக் கேட்டுப் பெறும் கடமை, அவளுக்குப் பின் வந்த நம்முடையது.